பதினொரு கோடுகள்

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவளை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருப்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மஞ்சள் விளக்கை ஏற்றி, முன்னால் இரட்டைப் பிளவுத் தகட்டை நிறுத்தி, உருப்பெருக்கியில் கோடு விழ வைப்பது அவள் வேலை. தகட்டில் மயிரிழை அகலத்தில் இரண்டே பிளவுகள். அவற்றின் வழியே வரும் ஒளியலைகள் சேர்ந்து எழும் இடத்தில் வெளிச்சம். ஒன்று எழ மற்றது தாழும் இடத்தில் இருட்டு. இரண்டு பேரும் தூக்கினால் மூட்டை எழும், ஒருத்தர் தூக்க ஒருத்தர் அமுக்கினால் அசையாது, அவ்வளவுதான் சங்கதி என்பாள். ஒரு பிளவை மூடினால் கோடுகள் போய் வெறும் மஞ்சள் திட்டுதான் மிஞ்சும்.

இரண்டு வருடமாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் திட்டு மட்டுமே. கண் நரம்பு பட்டுப்போகிறது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். நடமாடப் பார்வை போதும், நுணுக்கம்தான் தெரியாது. கணவன் போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் நர்ஸ் படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதுவரை வேலை போய்விடக் கூடாது.

அதனால் கைப்பழக்கத்தில் எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, முதலில் வரும் மாணவியிடம், "எத்தனை கோடு தெரியுது, எண்ணிச் சொல்லு" என்று அதட்டுவாள். பதினொன்று என்றால் சரி. குறைந்தால் கருவியின் திருகாணியைத் திருப்புவாள். அக்கா ரொம்பக் கறார் என்று பேர் வாங்கியதும் இப்படித்தான். அந்தப் பேரைக் காப்பாற்றியே ஓய்ந்துபோனாள்.

செய்முறைத் தேர்வன்று காலை, அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், துறைத்தலைவர் ஒரு பிளவைக் கறுப்புக் காகிதத்தால் மூடிவைத்தார். மாணவிகளை மடக்கிக் கேள்வி கேட்க அவர் செய்த ஏற்பாடு அது. அக்கா வந்ததும், ஒரு தடவை பார்த்துச் சொல்லும்படி விளையாட்டாகக் கேட்டார். அவள் நொடியில் கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்தார்.

அவள் குனிந்து, பார்க்க வேண்டிய அளவு நேரம் பார்த்தாள்.

"பதினொரு கோடு சார். பளிச்சுன்னு இருக்கு."

கேலி செய்கிறாள் என்று சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காகிதத்தை உரித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். விரலால் தடவிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"எவ்வளவு நாளாம்மா?"

"ரெண்டு வருஷம். என்னால முடியல சார்."

அவர் முன்னால் ஒருநாளும் உட்காராதவள், மாணவிகளின் முக்காலியில் உட்கார்ந்தாள். நாளைக்கு மேலிடத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்றார் அவர். அவள் தலையசைத்தாள்.

அவர் குனிந்து உருப்பெருக்கியில் கண்ணை வைத்து வாய்விட்டு எண்ணினார்.

"பதினொண்ணு இருக்கும்மா. சரியாத்தான் வெச்சிருக்கீங்க."

அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.