தைல விளம்பரத்தில் என் குரல்

நான் எழுதிய மூட்டுவலித் தைல விளம்பரத்தில், வசனம் படத்தின் நீளத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க நானே பேசி வைத்திருந்தேன். வேறு குரல் பிறகு வருவதாக ஏற்பாடு.

தைலக்கடை அண்ணாச்சி கேட்டுவிட்டு எங்கள் விளம்பரக் கம்பெனி முதலாளியிடம் சொன்னார்: "இந்தப் பிள்ள குரலே இருக்கட்டும் வே. வலி கண்டவ மாதிரியே பேசுதா."

முகம் தெரியாது, பெயர் வராது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இன்று அம்பாசமுத்திரம் பஸ்ஸில் நல்ல கூட்டம். தலைக்கு மேல் டிவியில் நான் பேசிக்கொண்டிருந்தேன். "ரெண்டு வருஷமா மூட்டுவலி. இந்தத் தைலம் தேச்சேன், இப்ப மாடிப்படி ஏறுதேன்."

இருக்கையில் இருந்த ஓர் அக்கா, "பையக் குடும்மா, வச்சிக்கிடுதேன்" என்றார்.

"இருக்கட்டும்க்கா, கனமில்ல."

அவர் டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அந்தத் தைலக்காரப் பிள்ள நீதானா?"

திரும்பி நிற்கக்கூட இடமில்லை. தலையாட்டினேன்.

அவர் கம்பியைப் பிடித்து, முட்டியில் கை ஊன்றி மெல்ல எழுந்தார். "நானும் அதத்தான் தேய்க்கேன். வலி ஒண்ணும் கேக்கல. உனக்கும் கேட்டிருக்காது, பாவம். நீ உக்காரு."

"எனக்கு வலியே இல்லக்கா."

"அதத்தான் டிவியிலயும் சொல்லுத" என்று தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார்.

என் நிறுத்தம் வரை அவருடைய பையை மடியில் வைத்திருந்தேன். அவர் கால் மாற்றி மாற்றி நின்றபடி வந்தார். மேலே நான் மறுபடியும் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது, அவர் பார்க்கிறாரே என்று காலைக் கொஞ்சம் தாங்கி நடந்தேன்.

தினமும் இதே பஸ்தான். மூட்டுவலி எத்தனை நாளில் குறைந்தால் நம்பும்படி இருக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.