கற்றாழைக்குக் கீழே

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டோரம் விருமாண்டிக்கு ஒரு பஞ்சர் கடை. எவ்வளவு அவசரமாக வண்டி வந்து நின்றாலும், டயருக்குள் விரலால் ஒரு சுற்றுத் தடவி, குத்திய ஆணியைப் பிடுங்காமல் ட்யூபை ஒட்டித் தரமாட்டார்.

கடை வாசலில் திருஷ்டிக்காக ஒரு கற்றாழை தலைகீழாகத் தொங்கும். அதை யாரும் தொடமாட்டார்கள். பழைய லாரி டயரில் மண் போட்டு வளர்த்த இன்னொன்றுதான் மருந்துக்கு. ட்யூப் ஒட்டும் சூட்டு இரும்பு ஒருமுறை அவர் முழங்கையைப் பொசுக்கியபோது, மடலை வெட்டி, மஞ்சள் பால் வடியவிட்டு, உள்ளிருக்கும் வழுவழுப்பான சோற்றைக் கழுவி வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. தழும்புகூட மங்கிவிட்டது. அன்றிலிருந்து யாருக்குச் சிராய்ப்பு என்றாலும் ஒரு மடல் ஒடித்துக் கொடுப்பார்.

"எந்தக் களிம்பும் இதுக்கிட்ட நிக்காது, மாப்ள. கிருமி கிட்ட வராது."

"பேசாம போர்ட மாத்திருங்கண்ணே, கத்தாழை கிளினிக்குன்னு" என்பான் டீக்கடை அழகுபாண்டி.

பிறகு சுகர் வந்து கால் மரத்துப்போனது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாத கால். ஆனால் டயரைப் பிரிக்க ஏறி மிதிப்பதும் அந்தக் கால்தான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் செருப்பு வழுக்கியது. குனிந்து பார்த்தால் ரத்தம். குதிகாலில் சின்ன ஓட்டை.

"ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிட்டு வாங்களேன்" என்றார் மனைவி முனீஸ்வரி.

"இம்புட்டு ஓட்டைக்கு ஆஸ்பத்திரியா? கடைய யாரு பாக்குறது?"

கற்றாழைச் சோற்றை வைத்துக் கட்டினார். மேல்தோல் மூடிக்கொண்டது. வலி இல்லவே இல்லை. "பாத்தியா?" என்று காலைத் தூக்கி மனைவியிடம் காட்டினார்.

சில நாளில் வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று முனீஸ்வரி கட்டிலை நகர்த்தி, பீரோவை நகர்த்தித் தேடினார். எலி இல்லை. காய்ச்சலில் முனகிக்கொண்டு படுத்திருந்தவரின் கால்கட்டை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது. குதிகால் கறுத்து, கணுக்கால் வரை வீங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் முனீஸ்வரி கற்றாழை கட்டியதைச் சொல்ல, டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"கத்தாழை கிருமியத் தடுக்காதுன்னு நான் சொல்லலம்மா. சின்னக் காயத்துல மேல இருக்கறதைக் கொஞ்சம் தடுக்கும். இங்க ஆணி முறிஞ்சு உள்ளயே இருக்கு. எலும்பு வரைக்கும் அழுகிருச்சு. அம்புட்டு ஆழத்துக்குக் கத்தாழை எப்படிப் போகும்?"

முனீஸ்வரி கட்டிலருகே வந்து நின்றார்.

"ஊரான் டயருன்னா உள்ள கையவிட்டு ஆணியத் தேடி எடுத்துட்டுத்தான ஒட்டுவீக..."

விருமாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பொங்கல் கழிந்து கடையைத் திறந்தபோது, சேலையைச் செருகிக்கொண்டு முனீஸ்வரிதான் ஏறி மிதித்து டயரைப் பிரித்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த விருமாண்டி வழக்கம்போல உள்ளே கையை விட்டுத் தடவினார். கை சட்டென்று நின்றது.

"ஆணி இருக்கா?"

"இருக்கு. வலிக்குது."

கையை எடுக்கவில்லை. விரலை அந்த முனையிலேயே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முனீஸ்வரிதான் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார்.