ஒத்துக்கொண்டிருந்த மாத்திரை

என் அண்ணன் ஓசூரில் கம்பெனி வாசலிலேயே இறந்துபோனார். ஷிப்ட் முடிந்து பைக்கை எடுக்கப் போனவர் ஹெல்மெட்டை மாட்டியபடியே சரிந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் கூடப் பிறந்தவர்களும் ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொல்ல, பார்த்ததில் எனக்குக் கொழுப்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது. அன்றிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை.

முதல் வருஷம் அதை மருந்தாக நினைத்துப் போட்டேன். பிறகு பல் விளக்குவது போல அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது. அது இருக்கிற வரைக்கும் அண்ணனுக்கு வந்தது எனக்கு வராது என்று ஒரு தைரியம்.

எங்களுக்கு வேப்பனப்பள்ளி பக்கம் கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொள்கிறார். நான் சூளகிரி அருகே ஒரு கம்பெனியில் ரப்பர் வளையங்களில் பழுது இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற வேலைக்குப் போகிறேன். மாங்காய் இறக்குகிற சமயத்தில்தான் என் முழங்கையில் முதன்முதலாகத் தடிப்பு எழுந்தது. சிவந்து, திட்டுத்திட்டாக, சொறியச் சொறிய ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது.

"மாம்பாலு பட்டிருக்கும். தேங்காயெண்ண தடவு, சரியாப் போவும்" என்றார் வீட்டுக்காரர்.

காலையில் பார்த்தால் கை சுத்தமாக இருந்தது. ஆனால் வயிற்றில் எழுந்திருந்தது. சீசன் முடிந்து தோப்பில் இலை மட்டும் மிஞ்சிய பிறகும் அது நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஏதோ பூச்சி தெரியாமல் கடித்த காணாக்கடி என்று சொல்லி, வெற்றிலையில் மிளகு வைத்து மென்று தின்னச் சொன்னார். கத்தரிக்காயை நிறுத்தினேன். கருவாட்டை நிறுத்தினேன். கம்பெனியில் கையுறைதான் காரணமாக இருக்கும் என்று சூப்பர்வைசர் வேறு ரகம் வாங்கிக் கொடுத்தார். துணி சோப்பை மாற்றினேன். மாற்றாதது அந்த ஒரு மாத்திரையை மட்டும்தான். சந்தேகமே வரவில்லை.

ஒரு நாள் காலை எழுந்தபோது இடது கண் திறக்கவில்லை. இமை எலுமிச்சம்பழம் போல வீங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டாலும், என் உடம்பு எனக்குத் தெரியாமல் எதையோ செய்துகொண்டிருக்கிறது என்கிற பயம் அன்றுதான் பிடித்தது. எதைத் தொட்டாலும், எதைத் தின்றாலும் ஒரு நிமிஷம் காத்திருந்து பார்ப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். உதடு மரத்தது போல இருந்தது. தொட்டுப் பார்த்தேன், என் உதடு மாதிரியே இல்லை. பஸ் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் நாக்கும் தடித்துவிட்டது. எச்சில் விழுங்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவள் எங்கள் லைனிலேயே வேலை செய்கிற கன்னடக்காரப் பெண். திரும்பிப் பார்த்தவள் அலறிவிட்டாள்.

"ஏனாய்த்து அக்கா? ஏனாய்த்து?"

என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கொழகொழவென்று ஒரு சத்தம்தான் வந்தது. அவள் எழுந்து டிரைவரிடம் ஓடி, தமிழில் கத்தினாள்.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்கு விடுங்க! அக்காவுக்கு மூஞ்சி ஊதிக்கினே போவுது!"

டிரைவர் ஹார்னில் வைத்த கையை எடுக்காமல் லாரிகளுக்கு நடுவே ஓட்டினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை மூக்கு வழியாக மெல்ல மெல்ல இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் வழி குறுகிக்கொண்டே வந்தது. இத்தனை வருஷம் நெஞ்சுக்குப் பயந்துகொண்டிருந்தேன், இப்போது கழுத்து வழியாக வந்துவிட்டதே என்று நினைத்தேன். என் மகள் பெங்களூரில் வேலையில் இருப்பாள், அவளுக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்தேன். வேறெதுவும் தோன்றவில்லை.

சர்வீஸ் ரோட்டிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. தொடையில் ஊசி போட்டு, முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, ஆனால் மூச்சு வந்தது. அப்படி ஒரு மூச்சை நான் அதுவரை விட்டதில்லை.

வீட்டுக்காரர் தோப்பு மண்ணோடு வந்து நின்றார். டாக்டர் இளம்பெண். தினமும் ஏதாவது மாத்திரை உண்டா என்று கேட்டதற்கு நான் இல்லையென்று தலையாட்டினேன். "சுகர், பிரஷர் ஒண்ணும் கெடையாதுங்க அவளுக்கு" என்றார் வீட்டுக்காரரும்.

வீக்கம் கொஞ்சம் வடிந்த பிறகு டாக்டர் மறுபடியும் வந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. தைராய்டுக்கு? வலிக்கு? கொழுப்புக்கு?"

"கொழுப்புக்கு ஒண்ணு போடறேன். அது ரொம்ப வருஷமா போடறதுதானுங்களே."

அவர் என் முகத்தையே பார்த்தார். "வருஷக்கணக்கா ஒத்துக்கிட்ட மருந்தும் ஒரு நாள் ஒத்துக்காமப் போகலாம்மா. ரொம்ப அபூர்வம். அதுதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன், நிறுத்திப் பாத்தாத்தான் தெரியும். ஆனா நீங்களா அத இனிமே தொடாதீங்க. ஹார்ட் டாக்டர உடனே பாருங்க."

எதை நம்பி இத்தனை வருஷம் இருந்தேனோ அதுவா?

கிருஷ்ணகிரியில் இதய டாக்டர், உடம்பு முழுக்க அடங்கட்டும், அதற்குப் பிறகு வேறு வகை கொடுக்கலாம் என்றார். மாத்திரையை நிறுத்தியதும் தடிப்பு குறைந்தது. பிறகு எழவே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் மாத்திரை இல்லாத அந்த வாரங்களில் வேறு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. வாயு பிடித்தாலும் அண்ணன் ஞாபகம் வந்தது. கம்பெனி மாடிப்படியில் பாதியில் நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். சாப்பிட்டாலும் சாவு, சாப்பிடாவிட்டாலும் சாவு என்பது போல இருந்தது.

புது மாத்திரையின் முதல் வேளையை ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து போடச் சொன்னார்கள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன்.

"போடு, நான் இங்கதான கீறேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க இருந்து என்னாங்க பண்ணுவீங்க?"

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விழுங்கினேன். நாக்கை அண்ணத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பும் இறங்கியிருந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு நாள் ஓசூரிலிருந்து அண்ணி போன் செய்தார். அவரும் கொழுப்புக்கு நான் போட்டுக்கொண்டிருந்த அதே மாத்திரையைத்தான் சாப்பிட்டு வந்தார்.

"நானும் நிறுத்திட்டேன் பாப்பா. உனக்கு ஆனதக் கேட்டதுல இருந்து அதத் தொடவே கை வரல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஓசூருக்கு பஸ் ஏறிப் போனேன்.

"உங்களுக்குத் தடிப்பு வந்துச்சா அண்ணி? வீக்கம்?"

"ஒண்ணுமில்ல. வந்துட்டா?"

"எனக்கும் அந்த பயம்தான். இருந்தாலும் நாமளா நிறுத்தறது தப்பு. டாக்டர் சொல்லட்டும்."

மறுநாள் லீவு போட்டு அவரை அவருடைய டாக்டரிடம் கூட்டிப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னென்ன அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று விளக்கி, மாத்திரையைத் தொடரச் சொன்னார். அன்று ராத்திரி அண்ணி என் எதிரிலேயே அதைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் போட வைத்தேன். சொல்லிவிட்டு, அவர் பாத்திரம் விளக்கி முடிக்கும் வரை அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.