கொய்னாவும் புருஷன் பெயரும்

காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்தைக் குடித்தால் பெண்ணுக்குக் கர்ப்பப்பை காய்ந்துபோகும் என்பது எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதவர் மருந்து கொடுக்கும் டிரசர் ஒருவர்தான். அவர் படித்தவர்.

செடெனாக் பக்கம், காட்டை வெட்டி ரப்பர் போட்டிருந்த தோட்டம் அது. கல்யாணமாகிக் கப்பலேறி வந்து எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வயிறு திறக்கவில்லை. அதைப் பற்றி என் புருஷனுக்கு இருந்த கவலையைவிட லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த மற்றவர்களுக்கு இருந்த கவலை அதிகம். எல்லோருக்கும் மேலே என் நாத்தனார். என் புருஷனுக்கு மூத்தவர், தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அதனால் தம்பி பெண்டாட்டியின் வயிறும் தன் பொறுப்பு என்று நினைத்தார். அடுத்த அறையில்தான் குடியிருந்தார், தப்ப வழியில்லை.

அவருடைய வைத்தியத்தில் எல்லாமே சூடு அல்லது குளிர்ச்சி. அன்னாசி சூடு. தோட்டத்து எல்லையில் ஒரு சீனர் போட்டிருந்த அன்னாசிக் கொல்லையைத் தாண்டும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்க வேண்டும். முடி நீளமாக வளர்ந்தால் உடம்புச் சத்தெல்லாம் முடிக்கே போய்விடும். காய்ச்சல்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் ஜன்னி கண்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேல், புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும். இது ஒன்றை மட்டும் நாத்தனார் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அம்மாவே சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

டிரசர் சிங்கப்பூரில் பிறந்து, பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்து, கல்யாணம் ஆகாமல் எங்களிடம் வந்து சேர்ந்தவர். அச்சடித்த மாதிரி தமிழ் பேசுவார். வந்ததும் வராததுமாக, காய்ச்சலைக் கொண்டுவருவது கொசுதான் என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள். ஊரில் கடிக்காத கொசுவா? காட்டை வெட்டியதில் மண்ணிலிருந்து கிளம்பிய ஆவிதான் காய்ச்சல் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

விடிகாலையில் ஆள் கணக்கு எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தப் பெரட்டிலேயே ஆளுக்கு ஒரு மடக்கு கொய்னாத் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்தார் டிரசர். வாயில் அடக்கிக்கொண்டுபோய்த் துப்பிவிடுவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள் போலும், குடித்த ஆள் உடனே பேசிக்காட்ட வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டார். ஆண்கள் தங்கள் பெயரைச் சொன்னார்கள். பெண்களை ஆள் கணக்கில் இன்னார் பெண்டாட்டி என்றுதான் எழுதியிருந்தது. ஆகவே நாங்கள் புருஷன் பெயரைச் சொல்ல வேண்டும்.

அதைவிட நல்ல சட்டம் எங்களுக்கு வாய்த்ததே இல்லை. கொய்னாவைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்போம். கங்காணி, பொம்பள எப்படிங்க சொல்லுவா என்று கேட்டுவிட்டு, அவரே பெயரைச் சொல்லிவிடுவார். டிரசர் அடுத்தவளுக்கு ஊற்றப் போவார். பெரட்டுக் களத்து மூலையில் பழைய காட்டு மரம் ஒன்றை வெட்டாமல் விட்டிருந்தார்கள். வேலைக்குப் போகிற வழியில் அதன் அடியில் ஒருவர் பின் ஒருவராகத் துப்பிவிட்டுப் போவோம். தோட்டத்தில் ஒழுங்காகக் கொய்னா சாப்பிட்ட ஜீவன் அந்த மரம்தான். அதற்குக் காய்ச்சல் வந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்தாற்போல் குளிர் எடுக்கும். பல் கிட்டும். பிறகு அனல். பிறகு பாய் நனைய வேர்வை. மறுநாள் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவேன். நாத்தனார் நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். கொய்னாவுக்குக் கொஞ்சமும் சளைக்காத கசப்பு. ஆனால் அது நம் ஊர்க் கசப்பு, வயிற்றை ஒன்றும் செய்யாது. முனியாண்டி கோயில் திருநீறும் உண்டு. தண்ணீர் மட்டும் கிடையாது. அவரைக் குறை சொல்லக்கூடாது. நான் நடுங்கும்போதெல்லாம் தன் சேலையையும் என்மேல் போர்த்தி, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் அறைக்கு மறுபக்கத்தில், என்னோடு ஒரே கப்பலில் வந்த ஒருத்தி அதே காய்ச்சலில் கிடந்தாள். நடுவில் பலகைத் தடுப்புதான். ஒரு மத்தியானம் அவள் செத்துப்போனாள். திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்திருப்பாள், அதுதான் ஜன்னி கண்டுவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் பாயில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தவள். காலையிலிருந்து அவள் தண்ணீர் கேட்டாள். யாரும் கொடுக்கவில்லை. எழுந்து எடுக்க அவளுக்குத் தெம்பும் இல்லை. ஆகவே தண்ணீரால் அவள் சாகவில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. எனக்குச் சாக இஷ்டமில்லை.

அன்று சாயங்காலம் என் புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்காள் காதில் விழுந்துவிடாதபடி மெல்லப் பேசினார்.

“டிரசர் மருந்தக் குடிச்சிப் பாரேன், புள்ள.”

“வயிறு காஞ்சிபோச்சின்னா?”

“வயிறு காஞ்சாலும் நீ இருப்பல்ல” என்றார்.

செத்தவளைப் புதைக்கப் போனபோது டிரசரும் கூட வந்திருந்தார். அந்த வருஷத்துப் புதுக் குழிகளில் கிடந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதை அங்கேதான் கவனித்தார் போலிருக்கிறது. அதன் பிறகு ஒரு காலை, பெரட்டு முடிந்ததும் மருந்துக் கொட்டகைக்குப் போகாமல் எங்கள் பின்னாலேயே அந்த மரம்வரை வந்தார். நாங்கள் துப்புவதைப் பார்த்தார். திரும்பிப் போனார்.

மறுநாள் எல்லாப் பெண்களுக்கும் ஊற்றி முடித்துவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். இன்று கங்காணி பேசக்கூடாது, ஒவ்வொருவரும் தங்கள் வாயால் கணவர் பெயரைச் சொல்லும்வரை யாரும் வேலைக்குப் போகக்கூடாது என்றார்.

வாய் நிறையக் கொய்னாவோடு பெண்கள் வரிசை நின்றது. எதிரே ஆண்கள் வரிசை. வெயில் ஏறினால் பால் வடியாது என்று கங்காணி வானத்தைப் பார்த்தார். டிரசர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். கொய்னாவை நாக்கில் வைத்துக்கொண்டிருப்பது சாமானியக் காரியமில்லை. ஆனாலும் எங்கள் பெண்கள் மானத்துக்காக எதையும் தாங்குவார்கள்.

எனக்கு அன்று காய்ச்சல் முறை. குளிர் எடுக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் நாத்தனார், இரண்டு கன்னமும் உப்ப நின்றுகொண்டிருந்தார். எதிர் வரிசையில் என் புருஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கினேன். விழுங்கிவிட்டு அவர் பெயரைச் சொன்னேன்.

முணுமுணுக்கத்தான் நினைத்தேன். காய்ச்சலில் காது அடைத்திருந்ததால் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. களம் முழுக்கக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

நாத்தனார் என் பக்கம் திரும்பினார். என்னைத் திட்ட வாயைத் திறக்க வேண்டும். திறக்க வேண்டுமானால் வாயில் இருப்பதை விழுங்க வேண்டும். விழுங்கினார்.

“அடிப்பாவி, எந்தம்பியக் கொன்னுட்டியேடி” என்றார்.

அவருக்கு அடுத்தவளும் விழுங்கினாள், அவளுக்கும் என்னைப் பற்றிச் சொல்வதற்கு இருந்தது. அதற்கடுத்தவளும் அப்படியே. என்னைத் திட்டுவதற்காகவே அன்று வரிசையில் பாதிப்பேர் கொய்னா குடித்தார்கள். டிரசர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெயர் தேவையில்லை, ஏதாவது பேசினால் போதும் என்று சட்டத்தை மாற்றினார். பேச்சுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. அந்த மரம் அதன்பிறகு கொய்னா இல்லாமலே காலத்தைத் தள்ளியது.

அன்று சாயங்காலம் நாத்தனார் என்னோடு பேசவில்லை. தம்பியை உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டினார். அவர் போனபிறகு என் புருஷன் கயிற்றைத் திருகிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“காலைல சொன்னியே, இன்னொரு தரம் சொல்லு” என்றார்.

அக்காளுக்கு அவர் தம்பி. கங்காணிக்கு அவர் டேய். எனக்கு இந்தாங்க. அவரைப் பெயர் சொல்லி ஆசையாக யாரும் கூப்பிட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அந்த மாதம் முழுக்கத் தினமும் கொய்னா குடித்தேன். காய்ச்சல் விட்டது. காய்ந்துபோன அந்த வயிற்றில் பிறகு நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். அது நிலவேம்பின் மகிமை என்றார் நாத்தனார். தம்பி பிழைத்துக் கிடப்பது கயிற்றின் மகிமை. தான் சாகும்வரை ஒவ்வொரு தைக்கும் அதைப் புதிதாகக் கட்டிவிட்டார். இப்போது நான் கட்டுகிறேன்.

இதை எழுதுவதைப் பார்த்து, எம்பேரப் போட்டியா என்று என் புருஷன் கேட்டார். போடவில்லை. கொசுவையும் கொய்னாவையும் நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் அவருக்கு இரண்டு நாளாக இருமல். முதலில் அது நிற்கட்டும், பிறகு போடுகிறேன்.