சித்தியின் மூன்று மாத யோசனை

பத்து வயதில் எனக்கு ஒரு பொறுப்புக் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு நான் வகித்த எந்தப் பதவியும் அதற்கு ஈடாகாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிற்பகல் மூன்று மணி முதல் நான்கு மணி வரை, சித்தியும் அவரைப் பெண் கேட்டவரும் வயல் பாதையில் நடக்கும்போது நானும் கூடவே நடக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பெரியவர்கள் யாராவது போனால் அந்த இருவரும் கதைக்க மாட்டார்கள்; யாருமே போகாவிட்டால் தேவாலயச் சபையே கதைக்கும். ஆகவே என்னை அனுப்புவதென்று அப்பா முடிவு செய்தார்.

அப்போது நாங்கள் டென்மார்க்கில், சில்க்போர்க்குக்கு மேற்கே ஒரு சிறிய ஊரில் இருந்தோம். காற்றை மறிக்க ஒரு மேடுகூட இல்லாத ஊர். வீட்டு வாசலில் நின்றால் அடுத்த ஊரின் தேவாலயக் கோபுரம் தெரியும். இடையில் இருப்பதெல்லாம் வயல். தமிழ்க் குடும்பங்கள் ஆறு. எல்லோரும் அண்மையில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். நாங்கள் ஆறு குடும்பமும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். டெனிஷ் தேவாலயத்துக்காரர் காலை ஆராதனையும் கோப்பியும் முடித்துப் போன பிறகு, பக்கத்து மண்டபத்தை ஒரு மணிக்கு எங்களிடம் தருவார்கள். எங்கள் பாட்டுகளில் அவர்களுடைய கோப்பி மணக்கும். சபையை நடத்திய எங்கள் பாஸ்ரர் வாரநாட்களில் தளபாடத் தொழிற்சாலையில் மேசை, கதிரைக் கால்களைக் கடைந்துகொண்டிருந்தார்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டு, மாலையில் டெனிஷ் வகுப்புக்குப் போவார். அவருக்கு இருபத்தொன்பது வயது. சபைப் பெண்கள் அந்த எண்ணை ஒரு நோயின் பெயரைப் போலக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

பெண் கேட்டவர் ஹோர்சன்ஸில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கிடையாது. ஹோர்சன்ஸ்காரர் என்றுதான் சொல்வோம். ஒரு பிறந்தநாள் வீட்டில் சித்தியைக் கண்டு, இரண்டு வாரம் கழித்து அப்பாவுக்கு நேரடியாகக் கடிதம் எழுதியிருந்தார். கடிதத்தில் குறை எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. அவர் சைவ சமயக்காரர். ஞானஸ்நானம் எடுக்காதவருக்கு எங்கள் பாஸ்ரர் கலியாணம் செய்துவைக்க மாட்டார். அப்பா அதை எழுதி அனுப்ப, அடுத்த ஞாயிறே மனிதர் மண்டபத்தின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். ஹோர்சன்ஸிலிருந்து சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு சில்க்போர்க் வரை வந்து, அங்கிருந்து பதினாறு கிலோமீற்றர் எதிர்காற்றில் மிதித்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊருக்கு பஸ் இல்லை.

சித்தியிடம் அப்பா கேட்டபோது சித்தி, "யோசிச்சுச் சொல்லுறன் அத்தான்" என்றார். அந்த யோசனை மூன்று மாதம் நீடித்தது. முதல் மாதம் அப்பா பெருமைப்பட்டார். இரண்டாம் மாதம் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ எல்லாத்தையும் கொப்பியிலை எழுதுறனிதானே. அந்தாள் பாட்டுப் பாடுதோ, கண்ணை மூடிச் செபிக்குதோ எண்டு ஒருக்கால் கவனி."

இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு? அன்றிரவே அடிமட்டம் வைத்து ஐந்து நிரல் கோடு போட்டேன். வந்த நேரம், பாட்டு, செபம், பிரசங்கம், பொது. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. மட்டை மட்டும் மாற்றியிருக்கிறேன். வந்த நேரத்துக்கு அவர் எப்போதும் பத்து எடுத்தார். பாட்டுக்கு இரண்டு: வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. செபத்தில் கண்ணை மூடினார், ஆனால் 'ஆமென்' சொன்ன பிறகும் திறக்கவில்லை. பிரசங்கத்தில் பூச்சியம்.

அந்தப் பூச்சியத்தைப் பற்றி வயல் பாதையில் சித்தியே கேட்டார்.

"பிரசங்கத்திலை நித்திரை கொண்டனீங்களோ?"

"ஓம்."

"ஓம் எண்டு நேரை சொல்லுறியள்!"

"கண்டிட்டுத்தானே கேக்கிறியள். இரவு வேலை முடிச்சு அப்பிடியே வந்தனான்."

"அப்ப பாஸ்ரர் என்ன சொன்னவர் எண்டு தெரியாது?"

"துவக்கம் தெரியும். முடிவிலை எல்லாரும் எழும்பினதும் தெரியும்."

சித்தி சால்வையை வாய்க்கு இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். காற்றுக்கு என்று நினைத்தேன். கொப்பியில் 'நித்திரை, ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன்.

அந்த நடைகளில் காதல் என்று சொல்லத்தக்க எதையும் நான் கேட்கவில்லை. அவர் தொழிற்சாலையின் இரைச்சலைப் பற்றிச் சொல்வார். சித்தி, முதியோர் இல்லத்தில் ஒருவர் தினமும் உருளைக்கிழங்கை எண்ணிப் பார்த்துத்தான் சாப்பிடுவார் என்பார்.  ஆனால் ஒரு நாள் சித்தி திடீரென்று கேட்டார்.

"எனக்காகவோ இஞ்சை வாறியள்?"

"வரத் துவங்கினது உங்களுக்காகத்தான்."

"இப்ப?"

அவர் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை யோசித்தார். "இப்ப எதுக்கெண்டு வடிவாய்ச் சொல்லத் தெரியேல்லை" என்றார்.

இந்தப் பதிலுக்கு எந்த நிரலில் எத்தனை புள்ளி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வெறுமையாக விட்டேன்.

மூன்றாம் மாத முடிவில் அப்பா காரியத்தைத் தன் கையில் எடுத்தார். ஜூன் மாதம் சில்க்போர்க் ஏரியில் ஞானஸ்நானம் நடக்க இருந்தது. ஒடென்சேயிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வருவதாக இருந்தார்கள். அப்பா ஹோர்சன்ஸ்காரரை வாசலில் நிறுத்தி, "தம்பி, நீர் முழுக்கு எடும். மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்றார். அவர் "சரி அண்ணை, வாறன்" என்றார். உள்ளே கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த சித்தி தண்ணீரை நிறுத்திவிட்டு நின்றார். 

ஞானஸ்நானம் நடந்த சனிக்கிழமை வெயில் இருந்தது, சூடு இருக்கவில்லை. பெண்கள் சேலைக்கு மேலே குளிர் ஜக்கெட் போட்டிருந்தார்கள். ஏரியில் டெனிஷ்காரர் வள்ளம் வலித்துப் போனார்கள். எங்களைக் கண்டு கையசைத்தார்கள், நாங்களும் அசைத்தோம். பாஸ்ரர் வெள்ளை அங்கிக்குள்ளே, மீன்பிடிக்கிற அயலவர் ஒருவரிடம் இரவல் வாங்கிய, நெஞ்சுவரை வரும் இறப்பர் காற்சட்டை போட்டிருந்தார். நடக்கும்போது அது கிறீச்சிட்டது. யாரும் சிரிக்கக் கூடாது என்று அம்மா கண்ணால் சொன்னார்.

நான் கொப்பியோடு கரையில் நின்றேன். நேரம் மிச்சம் பிடிப்பதற்காக மூவரின் விபரத்தையும் முதலே எழுதிவைத்திருந்தேன். மூன்றாவது வரி: 'ஹோர்சன்ஸ்காரர், ஞானஸ்நானம் பெற்றார்.' மணியை மட்டும் நிரப்ப வேண்டும்.

ஒடென்சேக்காரர் முழுகினார். அவருடைய மனைவி முழுகி எழுந்து குளிரில் கத்தியே விட்டார். எல்லோரும் 'அல்லேலூயா' என்றோம். சித்தி ஓடிப்போய் அவருக்குத் துவாய் போர்த்தினார். பிறகு ஹோர்சன்ஸ்காரர் வெள்ளைச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீருக்கு நடந்து போனார். அப்பா கமராவைக் கண்ணில் வைத்தார். பாஸ்ரர் ஒரு கையை அவருடைய முதுகில் வைத்து, கரைக்குக் கேட்கும் குரலில் கேட்டார்.

"சகோதரனே, இயேசுவை உமது சொந்த இரட்சகராக முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறீரா?"

ஹோர்சன்ஸ்காரர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

"தம்பி, கேட்டதோ?"

"கேட்டது பாஸ்ரர்."

"அப்ப சொல்லும்."

"முழு மனதோடை எண்டு கேக்கிறியள். என்னட்டை அரை மனதுதான் இருக்கு. தண்ணிக்குள்ளை நிண்டுகொண்டு பொய் சொல்ல ஏலாது."

கரையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். பாஸ்ரர் குரலைத் தணித்தார். ஆனால் தண்ணீர் மேல் பேசினால் எல்லாம் கரைக்குக் கேட்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"அப்ப ஏன் தம்பி இவ்வளவு தூரம் இறங்கினனீர்?"

"இஞ்சை வந்தால் மற்ற அரையும் வரும் எண்டு நினைச்சன் பாஸ்ரர். உண்மையாய் நினைச்சன்."

பாஸ்ரர் முதுகிலிருந்த கையை எடுக்கவில்லை. பிறகு அந்தக் கையாலேயே அவரைக் கரைப்பக்கம் மெல்லத் திருப்பிவிட்டார். அவர் இடுப்புக்குக் கீழே நனைந்தும் மேலே காய்ந்தும் வெளியே வந்தார். அப்பா கமராவைக் கழுத்தில் விட்டார். "வெக்கக்கேடு" என்றார் அம்மா. "நாலு ஊர்ச் சனத்துக்கு முன்னாலை..." என்று தொடங்கிய ஒரு பெண்மணி முடிக்கவில்லை. ஏனென்றால் சித்தி இன்னொரு துவாயை எடுத்துக்கொண்டு தண்ணீர் விளிம்புக்கு நடந்து போனார். சேலைக்கரை நனைந்தது. நான் பார்க்க அவர் ஒருபோதும் சேலையை நனையவிட்டதில்லை.

"குளிருதோ?"

"ஓம்."

துவாயைக் கொடுத்துவிட்டு சித்தி அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அத்தான், மூண்டு மாசமாய்க் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள். எனக்குச் சம்மதம்."

"இப்பவோ?" அப்பாவின் குரல் உடைந்தே போனது. "உனக்கென்ன விசரே? அவர் முழுகேல்லை!"

"கண்டனான். முழுகியிருந்தால் நான் இன்னும் யோசிச்சுக்கொண்டிருப்பன்."

இந்த வாக்கியத்தை நான் அங்கேயே, நின்றபடியே எழுதினேன். எழுத்து கோணல். ஆனாலும் என் கொப்பிகளில் உள்ள எல்லா வாக்கியங்களிலும் எனக்குப் பெருமை தருவது இதுதான். அதைச் சொன்னபோது சித்தியின் குரல் நடுங்கியதா என்று பிற்பாடு என்னைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். நடுங்கவில்லை. அகதியாக வந்து, அக்கா வீட்டில் ஓர் அறையில் இருந்து, இருபத்தொன்பது என்ற எண்ணைச் சுமந்துகொண்டிருந்த ஒரு பெண், முழுச் சபைக்கும் முன்னால் வேலைக்குப் போகிற குரலில் அதைச் சொன்னார். நான் சாட்சி.

கலியாணம் செய்துவைக்க முடியாது என்று பாஸ்ரர் அன்றே சொன்னார், சட்டம் சட்டம்தான். சொல்லிவிட்டு, இறப்பர் காற்சட்டையோடேயே வந்து, ஹோர்சன்ஸ்காரரின் கையில் பொரித்த இரண்டு றோல்ஸும் ஒரு தேநீரும் கொடுத்தார். செப்டெம்பரில் நகரசபை அலுவலகத்தில் பதிவுத் திருமணம் நடந்தது. பாஸ்ரர் கோட்டுப் போட்டு விருந்தாளியாக வந்தார். சாப்பாட்டுக்கு அவர் செபித்த நீண்ட செபத்தில் சோறு ஆறிப்போனது. அதுவரை முகம் கொடுக்காதிருந்த அப்பா, சோற்றை ஆறவிட்டதற்காகப் பாஸ்ரரைக் குறை சொல்லப்போய், புது மாப்பிள்ளையோடு முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தார்.

சித்தப்பா ஆறு வருடம் கழித்து ஞானஸ்நானம் எடுத்தார். ஒரு புதன்கிழமை, சித்தி வேலையில் இருந்த நேரம், பாஸ்ரரும் அவரும் மட்டும். அழுக்குத் துணிக் கூடையில் கிடந்த சித்தப்பாவின் ஈரக் காற்சட்டையைப் பார்த்துத்தான் சித்திக்கே தெரியும். அன்று அவரிடம் என்ன கேட்டீர்கள் என்று நான் சித்தியிடம் கேட்டிருக்கிறேன். "தோய்க்கிற மெசினிலை போடுங்கோ எண்டு சொன்னனான்" என்றார்.

ஏரிக்கரையிலிருந்து வீட்டுக்கு வந்த அந்த மாலையில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. சமையலறை மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, 'ஞானஸ்நானம் பெற்றார்' என்ற வரியை அடிமட்டம் வைத்து வெட்டினேன். என் கொப்பியில் வெட்டு விழுந்தது அதுவே முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. ஜூன் மாத வெளிச்சம் யன்னலில் இன்னும் அப்படியே இருந்தது. சித்தி சேலைக்கரையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு வந்தார். அவருக்கு நடந்தது சரியாக விளங்கவில்லை போலும் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

"சித்தி, அவர் பாஸ் பண்ணேல்லை. வடிவாய்த் தெரியும்தானே?"

"தெரியும் பிள்ளை" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

நான் திரும்பவும் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் பாதியை எட்டவில்லை. சித்தி பாவம்; அவசரப்பட்டு, பாதிப் புள்ளிகூட எடுக்காத ஒருவருக்குத் தலையாட்டிவிட்டார். அந்தப் பிழையை நான் விடக் கூடாது. நான் பெரியவளானதும் ஐந்து நிரலிலும் பத்துக்குப் பத்து எடுக்கிறவரைத்தான் கலியாணம் செய்வேன் என்று அதே பக்கத்தின் அடியில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதன் கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.