இரண்டாவது பொத்தானில் ஒரு மரத்துண்டு

எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். அந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். பேருக்குத்தான் யார் வேண்டுமானாலும். பெரும்பாலும் எழுவது நான்தான். மைக்கைக் கண்டால் இவருக்குக் காய்ச்சல்கூட விட்டுவிடும் என்று என் மனைவி கிண்டல் செய்வாள். ஆண்டவர் கொடுத்தது எனக்குப் போதும், ஓவர்டைமுக்கு ஆசைப்பட்டு அவருடைய நாளான ஞாயிற்றுக்கிழமையில் மிஷினைத் தொடமாட்டேன் என்பேன். சபை ஸ்தோத்திரம் சொல்லும். அந்தச் சத்தம் எனக்குப் புதன்கிழமை வரை தாங்கும்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஓட்டுகிறேன். தகட்டை உள்ளே வைத்துவிட்டு இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அவசரமென்றால் ஒரு பொத்தான் அழுந்தியே இருக்கும்படி மரத்துண்டைச் செருகிவிட்டு ஒரே கையால் ஓட்டுவோம். எல்லாரும் செய்வதுதான்.

ஒரு சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு நேரத்தோடு போகவேண்டும் என்று நானும் செருகினேன். டார்கெட்டை முடித்தேன், கை கழுவினேன். துண்டை எடுக்கவில்லை. கிளம்பும்போது சூப்பர்வைசர் மறித்து, நாளைக்கு ஆள் வேண்டும் என்றார். முடியாது என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். பக்கத்து மிஷின்காரன் எங்கள் சபைதான். கடைசி வரிசையில் உட்காருவான், மைக் பக்கமே வந்ததில்லை. "நீ போண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனையில் இருந்தபோது, என் மிஷினில் அவனுடைய வலது கை மணிக்கட்டோடு போனது.

அடுத்த ஞாயிறு நான் எழுந்தேன். அவருடைய நாளைக் காத்தேன், அவர் என்னைக் காத்தார் என்றேன். சபையே எழுந்து நின்றது. மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கடைசி வரிசையில் அவன் மனைவியைப் பார்த்தேன். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. சபையில் டிரம்ஸ் அடித்தால் என் காதில் பிரஸ் இறங்குகிறது. வீட்டில் யாராவது கதவைச் சாத்தினால் என் வலது கை தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. சோற்றில் கை வைக்கும்போது அந்த விரல்கள் என்னுடையவைதானா என்று பார்ப்பேன். சாட்சி சொல்வதை நிறுத்தினேன். இவருக்கு நல்ல தாழ்மை வந்திருக்கிறது என்று பாஸ்டர் எல்லார் முன்னாலும் புகழ்ந்தார்.

போன மாதம் புதுவாயலுக்குப் பக்கத்தில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். இடது கையால் டீ கொண்டுவந்து வைத்தான். டீயைத் தொடாமல், மரத்துண்டை வைத்தது நான்தான் என்றேன்.

"தெரியும்ண்ணா. நீ சொருவுனத அன்னிக்கே பாத்தேன். வேல ஆரம்பிக்கும்போது எடுத்துடலாம்னுதான் இருந்தேன். சுளுவா கீதேன்னு வுட்டுட்டேன்."

"கம்பெனில ஏன்டா சொல்லல?"

"சொன்னா உன் வேல பூடும். எனுக்கு இன்னா, கை வந்துடுமா?"

"சபையில எழுந்து நானே சொல்லிடறேன்."

"வேணாண்ணா. ஆண்டவருக்குத் தெரியும். அது போதும்."

அழுதுகொண்டேதான் வண்டியை ஓட்டினேன். புதுவாயல் சந்திப்பில் லாரிகள் போகட்டும் என்று நின்றபோதுதான் கவனித்தேன், ஹெல்மெட்டுக்குள் என் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. "பிரியமானவர்களே, இந்த வாரம் நான் ஒரு சகோதரன் வீட்டுக்குப் போனேன்..." அவன் வேண்டாம் என்று சொன்னதைத்தான், எந்த இடத்தில் நிறுத்தினால் ஸ்தோத்திரம் வரும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.