ஈரம் காயாத நாற்காலி

சட்டைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலைதான். தைத்து முடித்த சட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குறை தெரிந்தால் ஓரமாக எறிய வேண்டும். கூட வேலை செய்தவர்கள் ‘ரிஜெக்ட் அக்கா’ என்றார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. குறை இருந்தால் குறை என்றுதானே சொல்ல முடியும்.

ஒரு திங்கட்கிழமை தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்து, வீட்டுச் சாமான்களை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தாள். நாற்காலியில் வார்னிஷ் தோலுரிந்திருந்தது. ஸ்டூலின் உறை நைந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. அலமாரி என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது.

“என்னங்க, இந்த வீட்ல ஒண்ணுகூடத் தேறலை,” என்றாள்.

தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் கணவர், அதில் தானும் சேர்த்தியா என்று கேட்க நினைத்தார். கேட்காமல் வேலைக்குப் போய்விட்டார்.

பெயின்ட் கடைக்காரர் பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தார். “முதல்ல உப்புத்தாள் வச்சுத் தேயுங்க. அப்புறம் பட்டி, ப்ரைமர், கடைசியாத்தான் பெயின்ட். ஒவ்வொண்ணும் நல்லாக் காயணும்.”

அவளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒரே வாரத்தில் அலமாரி மஞ்சளானது. வீட்டில் மிஞ்சியிருந்த கட்டம் போட்ட சட்டைத்துணி ஸ்டூலுக்கு உறையானது. நாற்காலிக்குக் கரும்பச்சையைக் கெட்டியாக அப்பிக் கூடத்தில் காயவைத்திருந்த அன்றுதான், மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். வந்த வேகத்தில் அதிலேயே உட்கார்ந்தார்.

“சார், அது வந்து...”

வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். “நான் சொல்லி முடிச்சிடறேன்மா. நடுவுல பேசினா எனக்கு மறந்து போயிடும்.”

சரி என்று அவள் நின்றாள். அவர் சொல்லி முடித்தார். வெளியூரிலிருந்து மகன் குடும்பத்தோடு வருகிறான், மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்து தரவேண்டும்.

“இப்பச் சொல்லுங்க, என்ன சொல்ல வந்தீங்க?”

“சேர் ஈரம், சார்.”

அவர் எழுந்தார். நாற்காலியும் கொஞ்ச தூரம் கூடவே எழுந்தது.

கணவரின் லுங்கியைக் கொடுத்து அவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, அவர் கழற்றிய கால்சட்டையோடு அவள் பின்கட்டுக்குப் போனாள். டர்பன்டைனைத் துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். மகளின் பள்ளிக்கூடம் தெருமுனையில் இருக்கிறது. கண் எரிந்தது. டர்பன்டைன்தான் காரணம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கால்சட்டையை விரித்துக் காட்டினாள். “முழுசாப் போகலை சார். ரெண்டு கோடு அப்படியே நிக்குது.”

“பின்னாலதானே. என் கண்ணுக்குத் தெரியப் போறதில்லை.” அடுத்தவர் லுங்கியைக் கட்டிக்கொண்டு கறாராகப் பேச அவருக்கு வரவில்லை. உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தடவிப் பார்த்தார். “இது உங்க கைவேலையா?”

“ஆமா சார். இந்த மூலையில துணி சரியா மடியலை. கட்டமும் கோணலா ஓடுது. அலமாரியில பெயின்ட் வழிஞ்ச தடம் மூணு இருக்கு, காட்டட்டுமா?”

வீட்டுக்காரர் மூன்றையும் பார்த்தார். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். “மேல ஒரு சோபா கிடக்கு. ஒரு பக்கம் உள்வாங்கிடுச்சு. ரெண்டு பேரும் உட்கார்ந்தா ஒருத்தர் மேல ஒருத்தர் சரியறோம். என் சம்சாரத்துக்கு அது பிடிக்கலை. நாலு வருஷமா நான் தனியாத்தான் உட்கார்றேன்.”

இந்த முறை அவள் பெயின்ட் கடைக்காரர் சொன்ன எதையும் விடவில்லை. சோபாவின் கால்களை உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை விரலால் தொடாமல் காத்திருந்தாள். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றி, புது ஸ்பாஞ்ச் வைத்து, நீலத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து அடித்தாள். பத்தொன்பது நாள் ஆனது.

வீட்டுக்கார அம்மா சோபாவைச் சுற்றி வந்து, “நீலம் எனக்கு ஆகாது,” என்றார். பிறகு கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

அதற்காக வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடவில்லை. மகன் வருவது வருவதுதான். மூன்று மாதம் தவணை கிடைத்தது. கூடவே, காரை விற்றபின் சும்மா கிடந்த ஷெட்டின் சாவியும் கிடைத்தது.

“வேலையை இங்கேயே வச்சுக்குங்கம்மா. மாடியில வாடை வராமப் பார்த்துக்குங்க,” என்றார் வீட்டுக்காரர்.

குடும்பம் இப்போது இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறது. மகள் பள்ளிக்கு ஐந்து நிமிஷம் கூடுதலாக நடக்கிறாள், அதைப் பத்து நிமிஷம் என்று சொல்கிறாள். ஷெட்டில் எப்போதும் நாலைந்து நாற்காலிகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. பழைய வீட்டு முன்சுவருக்கு வீட்டுக்காரர் மகன் ரோஸ் நிறம் அடித்திருக்கிறான். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் ஷெட்டைத் திறக்கிறாள். அதைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. இதுவரை யாரும் கேட்கவில்லை.